பேராசிரியர் லேட்டனும் திறக்கக் கூடாத பெட்டியும்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் இயங்கும் லெவல்-5 நிறுவனம், ‘பேராசிரியர் லேட்டன்’ என்னும் புதிர் வீடியோ ஆட்ட வரிசையின் முதல் ஆட்டத்தை 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இரண்டாவது ஆட்டத்தை அதே ஆண்டின் நவம்பரிலும் நின்டெண்டோ டிஎஸ் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. இங்கே நான் பேசப்போகும் அந்த இரண்டாவது ஆட்டத்தின் ஆங்கிலப் பதிப்பு வருவதற்கு 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்தபோதும் ஒரே ஆட்டம் அமெரிக்காவில் ‘டயபாலிக்கல் பாக்ஸ்’ என்றும் ஐரோப்பாவில் ‘பாண்டோராஸ் பாக்ஸ்’ என்றும் இரு பெயர்களில் விற்கப்பட்டது. 2018-இல் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் மெருகூட்டிய பதிப்பு வந்துவிட்டதால், பழைய டிஎஸ் கருவியைத் தேடி அலையாமல் இன்று எவரும் இதை ஆடிப் பார்க்கலாம். தொடர்ச்சியாக வரும் ஆட்டங்களில் பெரும்பாலானவை முந்தையதையே சற்றுப் பெரிதாக்கித் தருவதோடு நின்றுவிடும். இந்த ஆட்டம் சில இடங்களில் முதல் ஆட்டத்தைத் தெளிவாகத் தாண்டுகிறது. ஓர் இடத்தில் மட்டும், அதுவும் முக்கியமான ஓர் இடத்தில், அதைவிடப் பின்தங்கி நிற்கிறது.

கதை லண்டனில் தொடங்குகிறது. உயரமான தொப்பியைக் கழற்றாத தொல்லியல் பேராசிரியர் லேட்டனுக்கு அவருடைய ஆசான் டாக்டர் ஷ்ரேடரிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. திறந்தவர் எவரும் உயிரோடு மிஞ்சுவதில்லை என்று சொல்லப்படும் எலிசியன் பெட்டி தன் கைக்குக் கிடைத்திருப்பதாகவும், அதை ஆராயப்போவதாகவும் அவர் எழுதியிருக்கிறார். பேராசிரியரும் அவருடைய சிறுவயதுச் சீடன் லூக்கும் விரைந்து சென்று பார்க்கும்போது ஷ்ரேடர் அசைவற்றுக் கிடக்கிறார், பெட்டியைக் காணவில்லை. கிடைக்கும் ஒரே தடயம் மோலன்டரி எக்ஸ்பிரஸ் என்னும் சொகுசு ரயிலுக்கான பயணச்சீட்டு. அதில் போய்ச் சேரும் ஊரின் பெயர் அச்சிடப்படவில்லை. சேருமிடம் இல்லாத பயணச்சீட்டைக் காட்டியே ஆடுபவரை ரயிலேற்றிவிடும் இந்தத் தொடக்கம், இந்த வரிசையிலேயே மிகச் சிறந்த தொடக்கங்களுள் ஒன்று என்பது என் கருத்து.

ரயில் ஏறிய பிறகுதான் இந்த ஆட்டத்தின் விசித்திரமான இயல்பு முழுமையாகத் தெரியத் தொடங்குகிறது. பயணிகள், சமையல்காரர், நடத்துநர், நாயைத் தொலைத்துவிட்டு அரற்றும் சீமாட்டி என யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், இரண்டு வாக்கியங்களுக்குள் அவர்கள் ஒரு புதிரை நீட்டிவிடுகிறார்கள். கொலை விசாரணைக்கு வந்திருக்கும் காவல் அதிகாரி செல்மியும் இதற்கு விலக்கல்ல. முதல் ஆட்டத்தில் ஊரே புதிர்ப் பித்துப் பிடித்து அலைவதற்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காரணம் வெளிப்பட்ட கணத்தில், அதுவரை நாம் சிரித்துக் கடந்த அபத்தங்கள் எல்லாம் வேறொரு பொருள் கொண்டன. இரண்டாம் ஆட்டம் அப்படி ஒரு காரணத்தைத் தேட முயலவே இல்லை. உலகம் இப்படித்தான், மனிதர்கள் வணக்கம் சொல்வதற்குப் பதிலாகப் புதிர் போடுவார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. நகைச்சுவையாக இது பல இடங்களில் எடுபடுகிறது என்றாலும், கதைக்கும் புதிருக்கும் இடையே இருந்த அழகான முடிச்சு இங்கே அவிழ்ந்து கிடக்கிறது என்பதை மறுக்க முடியாது.

விளைவு என்னவென்றால், நூற்றுக்கும் மேற்பட்ட புதிர்களை நாம் மூளையைக் கசக்கி அவிழ்க்கிறோம். மர்மத்தை மட்டும் பேராசிரியர் தாமாகவே அவிழ்த்துக்கொள்கிறார். நாம் கண்டுபிடித்த விடைகளில் மிகச் சிலவே விசாரணையை முன்நகர்த்துகின்றன; மற்றவை கதவைத் திறக்கும் சுங்கக் கட்டணங்கள். “எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது” என்ற பாவனையில் லேட்டன் புன்னகைக்கும்போது, நமக்கு என்ன விளங்கியிருக்கிறது என்று ஆட்டம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. துப்பறியும் ஆட்டம் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நல்ல புதிர்த் தொகுப்பு ஒன்றைக் கதையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டால் அந்த ஏமாற்றம் பெரிதும் குறைந்துவிடும்.

அந்தத் தொகுப்போ மிகவும் தரமானது. சிபா பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவரும், 1966 முதல் வெளிவந்த மூளைப்பயிற்சி நூல் வரிசையால் ஜப்பானில் வீட்டுக்கு வீடு அறியப்பட்டவருமான அகிரா டாகோதான் இந்த ஆட்டங்களின் புதிர்களுக்குப் பொறுப்பேற்றவர். லெவல்-5 நிறுவனர் அகிஹிரோ ஹினோ சிறுவயதில் அந்த நூல்களில் மூழ்கியவர் என்பதால்தான் இந்த வரிசையே பிறந்தது. டாகோவின் கை இருக்கும் புதிர்களைப் பழகியவர்கள் எளிதில் அடையாளம் கண்டுகொள்வார்கள்: கணக்குப் போலத் தோன்றும், ஆனால் கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வோம், கேள்வியை நிதானமாக இரண்டாம் முறை வாசிப்பவருக்கு விடை கேள்விக்குள்ளேயே கிடக்கும். முதல் ஆட்டத்தில் தீக்குச்சிப் புதிர்களும் இத்தகைய சொற்பொறிகளும் சற்று அளவுக்கு மீறி வந்தன. இதில் வகைகள் கூடியிருக்கின்றன. வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பதில் தொடங்கி, கட்டைகளை நகர்த்தி வழி விடுவது, யார் பொய் சொல்கிறார் என்று தர்க்கத்தால் பிரித்தறிவது, சங்கேத எழுத்துகளை வாசிப்பது என்று ஒன்று அலுப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தவை குதிரைப் பயணப் புதிர்கள். சதுரங்கக் குதிரை தன் வழக்கமான நகர்வில், பலகையின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒருமுறை மட்டும் மிதித்து முழுப் பலகையையும் சுற்றி வர வேண்டும். சிறிய பலகையில் தொடங்கி ஆட்டம் போகப்போகப் பலகையும் பெரிதாகிக்கொண்டே போகிறது. முதலாவதைக் குருட்டாம்போக்கில் தட்டியே முடித்துவிடலாம், கடைசிப் பலகையில் அந்தப் பருப்பு வேகாது. ஓரங்களையும் மூலைகளையும் முதலில் தீர்த்துவிட வேண்டும், குறைந்த வழிகள் மிஞ்சியிருக்கும் கட்டத்துக்கே முதலில் போக வேண்டும் என்ற விதியை யாரும் சொல்லித் தராமல் நாமே கண்டடைவதுதான் இதன் சுவை. இந்தப் புதிருக்கு நம் பக்கத்திலும் பழைய வரலாறு உண்டு. காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் தம்முடைய பாதுகா சகஸ்ரத்தின் சித்திரக்கவிப் பகுதியில், 32 அசைகள் கொண்ட ஒரு வடமொழிச் சுலோகத்தை வரிசைக்கு எட்டாக நான்கு வரிசையில் எழுதி, அதைக் குதிரை நகர்வில் வாசித்தால் அடுத்த சுலோகம் கிடைக்கும்படி பாடியிருக்கிறார். திரையில் குதிரையை நகர்த்தித் திண்டாடிக்கொண்டிருக்கும்போது, இதையே பொருளும் யாப்பும் கெடாமல் செய்து முடித்த ஒருவரை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

முதல் ஆட்டம் டிஎஸ்ஸில் வந்தபோது இல்லாமல் இதில் புதிதாகச் சேர்ந்தவற்றுள் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றியது குறிப்பெழுதும் வசதிதான். ஒரு பொத்தானைத் தட்டினால் புதிரின் மேல் மெல்லிய தாள் விரித்தது போல ஒரு படலம் வருகிறது. அதில் கோடு போடலாம், எண்ணிக்கை எழுதலாம், அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். முதல் ஆட்டத்தில் பக்கத்திலேயே காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். குறிப்புக் காசு முறை மாறவில்லை: காட்சிகளின் மூலை முடுக்குகளைத் தட்டிக் காசு சேர்த்து, ஒரு புதிருக்கு மூன்று குறிப்புகள் வரை வாங்கலாம். முதல் குறிப்பு பெரும்பாலும் கேள்வியையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும், மூன்றாவது விடையை ஏறக்குறைய வாயில் ஊட்டிவிடும். இரண்டாவதுதான் காசுக்கு மதிப்புள்ளது. தவறான விடைக்குப் பிகராட் என்னும் மதிப்பெண் குறைகிறது, அவ்வளவே. நேரக் கட்டுப்பாடு இல்லை, தோல்வி இல்லை, தவறவிட்ட புதிர்களும் தொலைந்து போவதில்லை. அவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு குடிலுக்குப் போய் எப்போது வேண்டுமானாலும் ஆடலாம். அந்தக் குடிலுக்குக் காவல் ஒரு பூனை என்பதும் இந்த ஆட்டத்தின் போக்குக்குப் பொருத்தமே.

மூன்று பக்க விளையாட்டுகளும் உள்ளன. உடல் பருத்த வெள்ளெலி ஒன்றை, பொருள்களைக் கட்டங்களில் சரியாக அடுக்கி நடக்க வைத்து இளைக்கச் செய்வது ஒன்று. மூலிகைகளை மாற்றி மாற்றிக் கலந்து, தாகத்தோடு நிற்பவர்களின் விருப்பமறிந்து தேநீர் தயாரித்துக் கொடுப்பது மற்றொன்று. பாகம் பாகமாகச் சேர்த்துப் பழுதுபார்த்த கேமராவில் படமெடுத்து, படத்துக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாடுகளைக் கண்டுபிடிப்பது மூன்றாவது. வெள்ளெலி விளையாட்டு ஒரு தனிப் புதிராகவே நிற்கக்கூடியது. இளைத்துத் தேறிய எலி பிறகு குறிப்புக் காசு தேடவும் உதவுகிறது. தேநீர்தான் சோதனை. கலவைகளைச் சோதித்துச் சோதித்துப் பட்டியலை நிரப்புவதும், அதை யாருக்குக் கொடுப்பதென்று பழைய இடங்களுக்கெல்லாம் திரும்ப நடப்பதும் கதையின் வேகத்தை அடியோடு குலைக்கின்றன. கட்டாயம் இல்லை என்பதால் நான் அதைப் பாதியில் விட்டுவிட்டேன், வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் ஆட்டம் ஒரே கிராமத்துக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இது மூன்று இடங்களைக் கடக்கிறது. மரவேலைப்பாடும் திரைச்சீலையும் பளபளக்கும் ரயில், நிறுவப்பட்ட 50-ஆம் ஆண்டைக் கொண்டாடும் ட்ராப்ஸ்டோன் என்னும் சிற்றூர், ஒருகாலத்தில் சுரங்கத்தால் செழித்துப் பின்னர் அடையாளம் அழிந்துபோன ஃபோல்சென்ஸ் நகரம். ட்ராப்ஸ்டோன் பகுதி தொய்வானது. திருவிழாக் கூட்டத்தில் மாடுகளையும் மனிதர்களையும் விசாரித்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியின் நினைவே நமக்கு மறந்துபோகிறது. அந்தத் தொய்வுக்கெல்லாம் ஈடாக, இரவில் சென்று சேரும் ஃபோல்சென்ஸ் அமைந்திருக்கிறது. விளக்கொளியில் பொன்னிறமாக மின்னும் தெருக்கள், பழைய பாணி உடைகளில் உலவும் மனிதர்கள், ஊருக்கு மேலே கோட்டை, அதில் இரத்தக் காட்டேரி ஒருவன் வாழ்வதாகப் பேச்சு. டொமொஹிடோ நிஷியூராவின் இசையில் அக்கார்டியன் இங்கே துயரம் கலந்து ஒலிக்கிறது. புதிரில் நீண்ட நேரம் சிக்கிக்கொண்டால் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப ஒலிப்பதுதான் தொல்லை. இடையிடையே வரும் உயிரோவியக் காட்சிகள் முதல் ஆட்டத்தில் இருந்தவற்றைவிட எண்ணிக்கையிலும் நேர்த்தியிலும் கூடியிருக்கின்றன.

இனி மர்மத்தின் தீர்வைப் பற்றி, அதை வெளிப்படுத்தாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியின் சாபம், காட்டேரி, மறைந்த நகரம் மூன்றையும் விளக்க ஆட்டம் ஒரே ஒரு காரணத்தைக் கொண்டுவருகிறது. அந்தக் காரணம் அறிவியல் போலப் பேசினாலும், சற்று நின்று யோசித்தால் பல கேள்விகள் எழுகின்றன: இத்தனை பேருக்கு ஒரே மாதிரி எப்படி, இத்தனை ஆண்டுகள் எப்படி, வெளியிலிருந்து வந்தவர்கள் எவருக்கும் சந்தேகமே வரவில்லையா? நியாயமான தடயங்கள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில பாத்திரங்கள் சொல்லும் சிறு வாக்கியங்களையும், சுவரில் தொங்கும் படங்களையும் கவனித்தவர்களுக்கு இரண்டாம் முறை ஆடும்போது பலமுறை புருவம் உயரும். ஆனால் தடயங்கள் நேர்மையானவை என்பதால் மட்டும் தீர்வு நம்பத்தக்கதாகிவிடாது. தர்க்கத்தையே முதலீடாகக் கொண்ட ஆட்டம் தன் கடைசிப் புதிரில் மட்டும் தர்க்கத்தைத் தளர்த்திக்கொள்வது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

இந்த உறுத்தலையும் மீறி முடிவு மனத்தைத் தொடுகிறது என்றால், அதற்குக் காரணம் பெட்டியைச் செய்தவனும் அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவளும்தான். அவர்கள் இருவருக்கும் இடையே கழிந்த காலத்தை ஆட்டம் அவசரப்படாமல், மிகை வசனம் இல்லாமல் சொல்கிறது. திறந்தால் சாவு என்று பயமுறுத்திக்கொண்டே வந்த ஒரு பொருள், திறக்கப்படும் கணத்தில் முற்றிலும் வேறொன்றாக மாறுவது கதையாசிரியர்களின் துணிச்சல். இதே கவனத்தை அவர்கள் ஃப்ளோராவிடம் காட்டவில்லை என்பதுதான் குறை. முதல் ஆட்டத்தின் மையமாக இருந்த அந்தப் பெண், இதில் அழைக்காமலேயே பின்தொடர்ந்து ரயிலேறி வருகிறாள். அதன் பிறகு அவளைப் பெரும்பாலும் ஓரமாக உட்கார வைத்துவிட்டு ஆண்கள் இருவரும் கதையை நடத்துகிறார்கள்.

ஆட வருகிறவர்களுக்கு இரண்டு செய்திகள் உதவும். ஆட்டத்துக்குத் தமிழ்ப் பதிப்பு இல்லை. புதிர்களில் பாதி ஆங்கில வாக்கியங்களைக் கூர்ந்து வாசிப்பதை நம்பியிருப்பதால், பத்து வயதுக் குழந்தைக்குக் கொடுப்பதானால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுவது நல்லது. உண்மையில் இருவர் சேர்ந்து, யார் முதலில் விடை சொல்வதென்று வாதாடிக்கொண்டு ஆடும்போதுதான் இது முழுமையாகச் சுவைக்கிறது. அடுத்து, ஃப்ளோரா யார் என்பதே முதல் ஆட்டத்தின் பெரிய இரகசியம். அவள் இதில் தோன்றும் முதல் காட்சியே அந்த இரகசியத்தைப் போட்டு உடைத்துவிடுகிறது. எனவே இரண்டையும் ஆடும் எண்ணம் உள்ளவர்கள் வரிசை மாறாமல் முதலாவதிலிருந்தே தொடங்க வேண்டும்.