பயந்த காப்பக நாய்க்கு அடுக்குமாடியா, தனி வீடா?

காப்பகத்து நாய்க்குத் தோட்டமுள்ள தனி வீடுதான் நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கேட் திறந்த நொடியில் பயந்த நாய் ஓடிவிடும்; புதுத் தெருவில் கூப்பிட்டாலும் வராது. மதிலுக்கு அப்பால் தெருநாய்கள் குரைத்தால் இரவெல்லாம் உறங்காது. 6 அடி மதிலும் கேட்டுக்கு உள்ளே இன்னொரு கதவும் இருந்தால் மட்டும் தத்துக் கொடுக்கலாம்.

அடுக்குமாடியில் தப்பும் வழி குறைவு, சிக்கல் லிஃப்ட்தான். கதவு திறந்ததும் எதிரே ஆள் நின்றால், வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பின்வாங்கும். அப்போதுதான் கழுத்துப்பட்டை தலைவழியே கழன்றுவிடுகிறது. ஹார்னஸுக்கு (மார்பைச் சுற்றிப் போடும் வார்) ஒன்று, கழுத்துப்பட்டைக்கு ஒன்று என இரண்டு கயிறுகள் போடுங்கள். முதல் மாடி என்றால் படிக்கட்டே போதும்.

எங்கள் தேர்வு வராந்தாவின் கடைசி ஃபிளாட், அதுவும் சிறுபிள்ளைகள் இல்லாத வீடு. தீபாவளி நெருங்கும்போது மட்டும் எந்த வீட்டுக்கும் அனுப்பாதீர்கள்.