ஆறு வருடம் ரப்பர் மீனோடும் உயிர் இரையோடும்

தூண்டில் பிடித்த நாள்முதல் எனக்குத் தெரிந்த இரை மண்புழுவும் உயிர் இறாலும்தான். ஆறு வருடங்களுக்கு முன்பு சாஃப்ட் பிளாஸ்டிக் லூர் எனும் செயற்கை இரை ஒரு பாக்கெட் வாங்கினேன். வால் ஆட்டும் ரப்பர் மீன்கள். முதல் இரண்டு மாதம் ஒரு மீன்கூட மாட்டவில்லை. லூரில் எந்தக் குறையும் இல்லை. உயிர் இரை போட்ட பழக்கத்திலேயே அதையும் போட்டுக்கொண்டிருந்தேன்.

இறாலை முள்ளில் கோத்துவிட்டால் மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். தலைக்குள் தெரிகிற கரும்புள்ளியில் முள் குத்தாமல் இருந்தால் போதும், நெடுநேரம் துடிக்கும். லூருக்கு அந்த உயிரை நம் மணிக்கட்டுதான் கொடுக்க வேண்டும். நானோ ஒரே வேகத்தில் ரீலைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். ராட் (தூண்டில் கோல்) நுனியை மெல்லத் தூக்கி, லூரை அடிவரை விழ விட வேண்டும் என்பது பிறகுதான் பிடிபட்டது. எனக்குக் கிடைத்த கடிகளில் பெரும்பாலானவை லூர் விழும்போது வந்தவை. அப்போது தூண்டில் நரம்பு தளர்ந்திருப்பதால் கைக்கு எதுவும் தெரியாது. கண்ணை நரம்பிலேயே வைத்திருக்க வேண்டும். அது பக்கவாட்டில் துள்ளினாலோ, லூர் அடியைத் தொடும் முன்பே தொய்ந்து நின்றாலோ உடனே சுண்டிவிட வேண்டும். மீன் ரப்பரை வாயில் வைத்துக்கொண்டு யோசிக்காது, துப்பிவிடும்.

ரப்பர் மீனைக் கோக்கும், தலையில் எடை வைத்த முள்தான் ஜிக் ஹெட். அதன் எடையிலும் அதே பாடம்தான். 10 கிராம் போட்டால் தூரம் போகிறதே என்று அதையே கட்டிக்கொண்டிருந்தேன். கல் மாதிரி விழுந்தது. நிற்கும் நீரில் 5 கிராமுக்கு இறங்கிய பிறகு கொடுவா கடிக்கத் தொடங்கியது. நீரோட்டம் இருந்தால் மட்டும் எடையைக் கூட்டுகிறேன்.

உயிர் இரையில் எனக்கு இன்றுவரை உறுத்துவது ஒன்று உண்டு. மீன் அதை நிதானமாக விழுங்கிவிடுகிறது. திரும்ப விட வேண்டிய குஞ்சுமீனின் தொண்டைக்குள் முள் இறங்கிக் கிடப்பதைப் பார்ப்பது வேதனை. பிடுங்கினால் உள்ளே கிழியும். அதனால் நரம்பை முள்ளருகே வெட்டி, முள்ளோடு விட்டுவிடுவேன். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளுக்கு மாறியபின் இது வெகுவாகக் குறைந்தது. அதில் சுண்டக் கூடாது. நரம்பை இறுக்கிச் சீராகச் சுற்றினாலே முள் வாயோரத்தில் ஏறிவிடும். லூரில் இந்தக் கவலை அபூர்வம், அநேகமாக உதட்டில்தான் மாட்டும். நான் லூரை விடாமல் பழகியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

விராலுக்கும் ரப்பர்தான் என் தேர்வு. முள் நுனியை ரப்பருக்குள்ளேயே புதைத்துக் கோத்தால் பாசிக்கும் அல்லிக்கும் நடுவே சிக்காமல் இழுக்கலாம்.

ஆனால் மழைக்குப் பிறகு செம்மண் கரைந்து ஓடும் நீரில் என் ரப்பர் மீன்கள் தோற்றுப்போகின்றன. வாசனை தடவிய லூரையும் போட்டுப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. கெளுத்திக்கு மீசையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. இருட்டிலும் கலங்கலிலும் மண்புழு இருக்கும் இடத்தை அது தேடி வந்துவிடும். அரை நாள் லூர் வீசி ஒன்றும் கிடைக்காத இடத்தில், புழு போட்ட சிறிது நேரத்தில் தக்கை முங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பராமரிப்பில் லூர் எளிது, ஆனால் ஒரு எச்சரிக்கை. நன்றாக இழுபடும் எலாஸ்டோமர் லூரைச் சாதாரண பிவிசி லூரோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். நான் போட்டேன், மொத்தமும் உருகி ஒட்டிக்கொண்டது. அதது அதனதன் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். பேத்தை மீன் திரியும் இடத்தில் லூர் வாலே மிஞ்சாது, அங்கே பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது. கிழிந்த துண்டுகளை நீரில் வீசாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவை மட்குவதில்லை, மீன் வயிற்றுக்குள் போகும். உயிர் இரைக்கு வேறு பாடு. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது, வாளி சூடானால் ஆக்சிஜன் குறையும், இறாலை நெருக்கி அடைத்தால் சாகும். நீருக்குள் காற்று விடும் சின்ன ஏரேட்டர் ஒன்று கட்டாயம்.

இப்போது இரண்டையும் எடுத்துப் போகிறேன். கரைக்குப் போனதும் வெள்ளை லூர் ஒன்றை நீரில் இறக்கிப் பார்ப்பேன். முழங்கை ஆழத்துக்குள் அது கண்ணுக்கு மறைந்துவிட்டால், லூர் பெட்டியை மூடிவிட்டு மண்புழுவை எடுத்துவிடுவேன்.