வயலுக்குப் போகும் டார்ச்சுக்குக் கட்டையா, சார்ஜ் பேட்டரியா?

சம்பா நட்டபின் வடகிழக்குப் பருவமழை இரவுகளில் வடிகால் பார்க்கவும் மடை திருத்தவும் டார்ச்சுடன் வயலுக்குச் செல்வது தஞ்சை, திருவாரூர், நாகைப் பகுதிகளில் வழக்கமான வேலை. அந்த டார்ச்சுக்குப் பெட்டிக்கடையில் விற்கும், தீர்ந்ததும் எறிந்துவிடும் பேட்டரிக் கட்டை நல்லதா, சார்ஜ் செய்யும் பேட்டரி நல்லதா என்பதை விலையை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. எதற்காக, எவ்வளவு அடிக்கடி எரிக்கப் போகிறோம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

துத்தநாக-கார்பன் கட்டையும் அல்கலைன் பேட்டரியும் புதிதாக இருக்கும்போது 1.5 வோல்ட் தருகின்றன. செலவாகச் செலவாக அது படிப்படியாக இறங்குகிறது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு சார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட்தான் என்றாலும், தீரும் தறுவாய் வரை பெரும்பாலும் அதே அளவில் நிற்கிறது. ஆகவே கட்டை போட்ட டார்ச் மங்கி மங்கி முன்கூட்டியே எச்சரிக்கும். சார்ஜ் பேட்டரி போட்டதோ நன்றாக எரிந்துகொண்டிருந்து சட்டென்று அணையும். வரப்பில் பாம்பு கிடக்கும் பருவத்தில் இது சிறிய வேறுபாடன்று.

அன்றாடம் எரிக்கும் விளக்குக்குச் சார்ஜ் பேட்டரிதான் சிக்கனம் என்பதில் எனக்கு ஐயமில்லை. முறையாகக் கையாண்டால் நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். சுவர்க்கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது வீண்செலவு. மேலும், சாதாரண நிக்கல் பேட்டரி சும்மா கிடந்தாலே சில மாதங்களில் பெருமளவு சார்ஜை இழந்துவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் விரைவாக. 2005இல் ஜப்பானின் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனிலூப் போன்ற வகைகள் இக்குறையைப் பெரிதும் தணித்தன.

புயல் வந்தால் கணக்கு மாறுகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையைக் கடந்தபின் டெல்டாவின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சோலார் தகடு இல்லாத வீட்டில் சார்ஜர் இருந்தும் பயனில்லை. பிரிக்காத அல்கலைன் பேட்டரியோ பல ஆண்டுகள் கெடாமல் காத்திருக்கும் என்பதால், ஐப்பசி பிறக்குமுன் அதில் ஒரு பெட்டி வாங்கி வைப்பது நல்லது. ஆனால் அதையோ துத்தநாகக் கட்டையையோ எரிக்காத நாட்களில் டார்ச்சுக்குள் போட்டு வைக்கக் கூடாது. துத்தநாகக் கட்டையின் உறையே மின்முனை என்பதால் அது அரித்து ஒழுகும். அல்கலைன் ஒழுகினால் அதிலுள்ள பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரம் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். ஈய-அமில பேட்டரி உள்ள சார்ஜ் டார்ச்சையும் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால், தகடுகளில் சல்பேட் படிந்து வீணாகும்.

கட்டையானாலும் சார்ஜ் பேட்டரியானாலும் தீர்ந்தவற்றை வாய்க்காலில் எறிவதுதான் நடக்கிறது. பழைய நிக்கல்-காட்மியம் வகையில் உள்ள காட்மியம் நஞ்சு. மத்திய அரசின் 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் இரண்டு வகைகளுக்கும் பொருந்தும். திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை அவை தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன.