ஓடையில் தங்கம் அரிக்க அலுமினியச் சட்டமா, ரப்பர் பாயா?

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் எல்டொராடோ என்ற சின்ன ஊர். அங்கே ரீடி கிரீக் ஓடையில் போட இரண்டு விதமான ஸ்லூஸ் பெட்டிகள் வாங்கிவிட்டேன். ஓடும் தண்ணீரில் சரிவாக வைத்து மணலைக் கொட்டினால், மணல் அடித்துப்போகத் தங்கம் உள்ளே தங்கும் நீளப் பெட்டி இது. முதலாவது, குறுக்குச் சட்டங்களும் அடியில் பாசி போன்ற நார் விரிப்பும் உள்ள அலுமினியப் பெட்டி. ஒரு கோடை முழுக்க அதோடு மல்லுக்கட்டிய பிறகு வாங்கியது, குழி குழியாக வார்த்த ரப்பர் பாய் பதித்த பெட்டி. இப்போது காரில் ஏறுவது இரண்டாவதுதான்.

எடையிலும் விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. தங்கம் தேட வாங்கவேண்டிய மைனர்ஸ் ரைட் உரிமம் எதற்கும் ஒன்றுதான்: பத்து வருடம் செல்லும், மோட்டார் கூடாது.

என்னை மாற வைத்தது கழுவும் வேலை. இந்த ஓடையில் தங்கத்தோடு வெள்ளீய மணலும் நிறைய வரும். 1936 முதல் 1954 வரை இங்கே ஓடிய பெரிய தூர்வாரிக் கப்பல் தங்கம், வெள்ளீயம் இரண்டையும்தான் எடுத்தது. வெள்ளீய மணல் கரியது, கனத்தது. சாதாரண மணலைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். இது சட்டத்துக்குப் பின்னால் சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டால் தங்கத்துக்கு உட்கார இடமில்லை, மேலாக வழுக்கிப் போய்விடும். ஆகவே அடிக்கடி கழுவ வேண்டும். அலுமினியப் பெட்டியில் கொக்கியைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கி, நார் விரிப்பை வாளியில் நாலைந்து முறை அலச அரை மணி நேரம் ஆகும். முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்று அதை யார் செய்வது? "இன்னும் இரண்டு வாளி போட்டுவிட்டுக் கழுவலாம்" என்று தள்ளிப்போடுவேன். நஷ்டம் அங்கேதான். ரப்பர் பாயை உருவி வாளியில் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் முடிந்தது. இரண்டே நிமிடம்.

ஒன்று: புதுப் பாயில் எண்ணெய்ப் பசை இருக்கும், பொடித் தங்கம் மிதந்து போய்விடும். பாத்திரம் தேய்க்கிற சோப்புப் போட்டு முதலில் தேய்த்துவிடுங்கள்.

பெட்டி வைக்கும் முறையும் வேறு. அலுமினியத்துக்கு அடிக்கு ஒரு அங்குலம் சரிவும் நல்ல வேகமும் தேவை. ரப்பருக்கு அதைவிடக் குறைந்த சரிவு போதும், கோடையில் ஓடை மெலிந்தாலும் ஓடும். இரண்டுமே இடம் வலம் சாயாமல் இருக்க வேண்டும். அடியில் தட்டைக் கல் செருகிச் செருகித்தான் சரிசெய்கிறேன்.

அகலமான, வேகமான ஆற்றில் ரப்பரைப் போட்டுப் பார்த்ததில்லை. கைமுட்டி அளவு கற்கள் உருளும் இடத்தில் அலுமினியச் சட்டமே தாங்கும் என்று தோன்றுகிறது.

எதை வாங்கினாலும் முதல் நாள் தங்கத்துக்குப் பதிலாக ஈயத் துணுக்குகள் பத்தை நசுக்கி மணலோடு போட்டுச் சோதியுங்கள். அரிசியில் கல் அரிக்கிற மாதிரி, பெட்டியின் வால்பக்கம் வெளியே விழும் மணலைத் தட்டில் அரித்துப் பாருங்கள். அங்கே ஒரு துணுக்கு தென்பட்டாலும் சரிவைக் குறையுங்கள். எனக்கு மூன்றாவது தடவைதான் பத்தும் பெட்டிக்குள்ளேயே நின்றது.