டவாவோ நகரத் தேர்தல் 2025: சர்வீஸுக்கு நாலு ஸ்டார், மெனுவுக்கு ஒன்றரை

எனக்கு டவாவோவில் ஓட்டு கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிலிப்பைன்ஸ் சட்டப்படி வெளிநாட்டுக்காரர்கள் ஓட்டும் போட முடியாது, எந்த வேட்பாளருக்காகவும் வேலை செய்யவும் கூடாது. ஆகவே 2025 மே 12 அன்று நடந்த மேயர், கவுன்சிலர் தேர்தலுக்கு இது வெளியே நின்று வேடிக்கை பார்த்தவனின் ரிவ்யூ, அவ்வளவுதான்.

சர்வீஸ் விஷயத்தில் பெரிதாகக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூட வகுப்பறைதான் வாக்குச்சாவடி, வாத்தியார்கள்தான் அதிகாரிகள். காலை 7 மணிக்கு எல்லாருக்கும் திறக்கிறார்கள், ஆனால் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்கு 5 மணிக்கே வழி விட்டுவிடுகிறார்கள், மே மாத வெயிலில் இது எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். நீளமான தாளில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் முட்டை வடிவத்தைப் பேனாவால் முழுக்கக் கறுப்பாக்கி, தாளை மெஷினில் விட வேண்டும். மெஷின் யாருக்குப் போட்டாய் என்று ஒரு ரசீதையும் கக்கும். அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம், போட்டோ எடுக்கக் கூடாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது, பெட்டியில் போட்டுவிட்டு விரலில் மை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 2022 வரை ஸ்மார்ட்மேட்டிக் கம்பெனி மெஷின்கள், இந்த முறை தென்கொரியாவின் மிரு. நாட்டில் அங்கங்கே மெஷின் மக்கர் செய்தது உண்மைதான், இருந்தாலும் அன்று ராத்திரியே யார் முன்னணி என்று தெரிந்துவிட்டது.

நம் ஊர் மாநகராட்சித் தேர்தலில் வார்டு கவுன்சிலருக்கு ஒரு பட்டனை அழுத்திவிட்டு வந்துவிடுகிறோம், மேயரைக் கவுன்சிலர்கள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே மேயர் தனி, துணை மேயர் தனி, இரண்டுக்கும் மக்களே நேரடியாக ஓட்டுப் போடுகிறார்கள். டவாவோவில் மூன்று மாவட்டங்கள், ஒவ்வொன்றிலும் எட்டுக் கவுன்சிலர்கள். 12 செனட்டர்கள், ஒரு கட்சிப் பட்டியல் (ஆளுக்கு இல்லாமல் கட்சிக்கே போடும் ஓட்டு), ஒரு காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினர் எல்லாம் சேர்த்தால் ஒரே தாளில் 24 முட்டையைக் கறுப்பாக்கலாம்! எட்டுக்குப் பதில் தவறி ஒன்பது பேருக்குப் போட்டால் கவுன்சிலர் ஓட்டு மொத்தமும் செல்லாது. எட்டுப் பேரையும் தனித்தனியாக எடைபோட யாருக்கு நேரம்? கட்சிக்காரர்கள் கொடுக்கும் மாதிரிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகக் கறுப்பாக்குவது சுலபம். நகரத்தின் பட்ஜெட்டையும் உள்ளூர்ச் சட்டங்களையும் நிறைவேற்றும் சபை இப்படித்தான் நிரம்புகிறது என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

இனி மெனுவுக்கு வருவோம். பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியாகவும் இருந்த ரொட்ரிகோ டுடெர்டே 1988இல் முதல் முறை மேயர் ஆனார். தொடர்ந்து மூன்று தவணைதான், தவணைக்கு மூன்று வருஷம் என்பது சட்டம், சரி, ஆனால் 2010இல் மகள் சாரா மேயர், அப்பா துணை மேயர் என்று இடம் மாற்றிக்கொண்டால் சட்டம் என்ன செய்யும்? 2022இல் மகன் செபாஸ்டியன். அந்த 1988 முதல் 2025 வரை, 1998இல் ஜெயித்த பெஞ்சமின் டி குஸ்மானின் மூன்று வருஷத்தைக் கழித்தால் வீட்டுக்கு வெளியே நாற்காலி போகவே இல்லை. இந்த முறை ரொட்ரிகோவே மறுபடி மேயருக்கு நின்றார். எதிர்த்து நின்றவர் கார்லோ நோக்ராலெஸ், அவருடைய அப்பா நாடாளுமன்ற சபாநாயகராக இருந்தவர், தங்கை காங்கிரஸ் தொகுதியில் ரொட்ரிகோவின் இன்னொரு மகன் பாவ்லோ டுடெர்டேவை எதிர்த்து நின்றார். ஆக மாற்று வேண்டும் என்றாலும் இன்னொரு குடும்பம்தான். அரசியல் வாரிசு முறையைத் தடுக்க வேண்டும் என்று 1987 அரசியலமைப்பே சொல்கிறது, அதைச் சட்டமாக்க வேண்டிய காங்கிரஸில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால் தாமதத்துக்குக் காரணம் புரியும்.

டெலிவரிதான் இந்த முறை விசித்திரம். 2025 மார்ச் 11 அன்று, போதைப்பொருள் ஒழிப்பின் பேரில் நடந்த கொலைகள் தொடர்பான வழக்கில் ரொட்ரிகோவைக் கைது செய்து ஹேக் நகரத்திலுள்ள சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளூர்ப் பிரசாரம் தொடங்கிய மார்ச் 28 அன்று அவருக்கு 80 வயது நிறைந்தது, ஆள் சிறையில். தண்டனை உறுதியாகாததால் பெயர் தாளில் அப்படியே இருந்தது. மக்கள் அவரையே பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள், ஆள் இல்லாமலேயே வெற்றியை அறிவித்தார்கள். இதை வெறும் பக்தி என்று தள்ளிவிட மாட்டேன். ஆளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு ஊர் சொன்ன பதிலும் அதில் இருந்தது, ஊர் இப்போது பாதுகாப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. ஆனால் குப்பை, வெள்ளம், டிராஃபிக் பற்றிப் பேச வேண்டிய தேர்தலில் அவற்றுக்கு இடமில்லாமல் போனது.

மேயர் வரவில்லை என்றால் துணை மேயர் அந்த வேலையைப் பார்க்க வேண்டும், அவர் இடத்துக்கு முதல் வரிசைக் கவுன்சிலர் (கவுன்சிலர்களில் ஓட்டு விகிதத்தில் முதலாவதாக ஜெயித்தவர்) வர வேண்டும் என்று 1991 உள்ளாட்சிச் சட்டம் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. துணை மேயராக ஜெயித்தவர் அதே செபாஸ்டியன், அவர் பொறுப்பு மேயர் ஆனார். முதல் வரிசைக் கவுன்சிலர் பாவ்லோவின் மகன் ரிகோ, தாத்தா பெயரையே வைத்திருப்பவர், அவர் பொறுப்புத் துணை மேயர். சட்டம் ஒரு எழுத்துப் பிசகாமல் வேலை செய்தது, அதனால்தான் சர்வீஸில் ஒரு ஸ்டாரும் குறைக்க மனசு வராமல் கடைசியில் மெஷின் மக்கருக்காக மட்டும் ஒன்றைக் குறைத்தேன்.

அடுத்த மேயர் தேர்தல் 2028 மே. பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று: தேர்தலன்றும் முந்தின நாளும் மது விற்பனைக்குத் தடை, நீங்கள் ஓட்டுப் போடாதவர் என்பதற்காகக் கடைக்காரர் விதிவிலக்கு தர மாட்டார்.