நீடில் பர்னரா ஹப் கட்டரா? ரெண்டையும் காசு குடுத்து வாங்குனவ சொல்றேன்

சேலம் அம்மாபேட்டைல சின்னதா ஒரு லேப் வச்சிருக்கேங்க. ஒரு நாளைக்கு 30, 40 பேருக்கு ரத்தம் எடுப்போம், திங்கக்கிழமைன்னா கூட்டம் ஜாஸ்தி. புதுசா லேப் போடறவங்க ரெண்டு மூணு பேரு ஊசிய அழிக்க எந்த மிஷின் வாங்கலாம்னு கேட்டுட்டே இருக்காங்க, தனித்தனியா சொல்லி மாளல, அதான் மொத்தமா எழுதிடறேன்.

மொதல்ல வாங்குனது கரண்ட்ல ஓடற நீடில் பர்னர், 1,800 ரூபா. கடைக்காரர் கடைலயே ஒரு ஊசிய ஓட்டைல விட்டுக் காட்டுனாரு, சர்ருனு பொறி பறந்துச்சு, ஊசி செக்கச்செவேல்னு ஆகி சாம்பலா கீழ உதிந்துச்சு. அதப் பாத்ததுமே மயங்கிட்டேன், பேரம் கூட பேசல.

அந்த சந்தோஷம் நாலு மாசம் தாங்குச்சு. பிரச்சனை என்னன்னா ஊசி அடி வரைக்கும் எரியாது, சிரிஞ்சோட சேர்ற எடத்துல ஒரு நெல்லு நீளத்துக்கு முள்ளு மாதிரி நின்னுடும். அத வெட்ட மிஷின் பக்கவாட்டுல ஒரு பிளேடு இருக்கு, ஆனா அது மூணே மாசத்துல மழுங்கி பிளாஸ்டிக்க நசுக்குதே ஒழிய வெட்டல. உள்ள ரெண்டு கம்பிலயும் கரி அப்பிக்கும், வாரம் ஒருக்கா ப்ளக்க புடுங்கிட்டு உப்புத்தாள் போட்டு தேய்க்கணும், இல்லன்னா ஊசி பாதியோட நின்னுடும். ரத்தம் ஒட்டுன ஊசில்ல, எரியறப்ப ஒரு கவிச்ச பொக வரும், ஏசி போட்டு ஜன்னல சாத்தி வச்ச ரூம்ல அத நாள் முழுக்க யாருங்க மோந்துட்டு இருக்கறது. ரத்தத்த நேரா டியூப்ல எடுக்கற வேக்குடெய்னர் ஊசிக்கு ரெண்டு பக்கமும் முனை, பின்னாடி ரப்பர் மூடி வேற, அத இதுல விட்டு ஒரு தடவ பட்டதே போதும்.

இதெல்லாம் கூட பொறுத்துக்கலாம். மாசாந்திர மெயின்டெனன்ஸ்னு காலைல 9 மணிக்கு கரண்ட் போச்சுன்னா சாயங்காலம்தான் வரும், அது வரைக்கும் ஊசியெல்லாம் ட்ரேல குமிஞ்சு கெடக்கும். அப்படி ஒரு நாள் ட்ரெயினிங்குக்கு வந்த பொண்ணு, குத்திரக் கூடாதேன்னு நல்ல மனசோட ஊசிக்கு மூடி போட்டு, பிளாஸ்டிக் குப்ப போடற செவப்பு கவர்ல போட்டுடுச்சு. மூடி கழண்டுருச்சு போல, கவர கட்டுன ஆயாம்மா கட்டவெரல்ல ஏறிடுச்சு. "எறும்பு கடிச்சாப்புலதான் இருக்குது கண்ணு, விடு"ன்னு வெரல வாய்ல வைக்கப் போனாங்க, கையத் தட்டி விட்டு கொழாய்க்கு கீழ சோப்பு போட்டு கழுவ வச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். ஹெச்ஐவி தடுப்பு மாத்திர எவ்ளோ சீக்கிரம் போடறமோ அவ்ளோ நல்லது, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும். கிருமி உள்ளவங்க ஊசி குத்துனா ஹெச்ஐவி ஒட்டறது 1,000ல 3 பேருக்குதான், தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி 100ல 30 பேரு வரைக்கும் போகும். ஆயாம்மாக்கு அந்த தடுப்பூசிய நான் போட்டு வைக்கல. 2016 மருத்துவக் கழிவு ரூல்ஸ்ல குப்ப அள்றவங்களுக்கு அது போட்டே ஆகணும்னு இருக்கு, தெரிஞ்சும் அடுத்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிட்டேன், அதுல மிஷின் மேல பழி போட முடியாது. டெஸ்ட்ல எல்லாம் நல்லபடியா வந்துச்சு, மூணு டோஸும் போட்டாச்சு.

அதுக்கப்புறம் வாங்குனதுதான் கையால அமுக்கற ஹப் கட்டர், 650 ரூபா. பாக்குவெட்டி மாதிரிதாங்க, சிரிஞ்ச் மூக்க ஓட்டைல விட்டு கைப்புடிய ஒரு அமுக்கு, டக்குனு சத்தம், ஊசி அடியோட துண்டாகி கீழ இருக்க டப்பால விழுந்துடும், மிச்சம் இருக்க சிரிஞ்ச் ஓட்ட சிரிஞ்ச், யாரும் கழுவி திருப்பி விக்க முடியாது. வெட்டுன ஊசி, குத்தற குப்பைக்குன்னே இருக்க வெள்ள டப்பாக்கு, ஊசி இல்லாத சிரிஞ்ச் செவப்பு கவருக்கு. இன்சுலின் சிரிஞ்ச் மாதிரி ஊசி கழட்ட வராதத வெட்டவே வேணாம், முழுசா வெள்ள டப்பாதான். டப்பா முக்கால் ரொம்புனதும் மூடி மருத்துவக் கழிவு வண்டிக்கு குடுத்துடணும், அமுக்கி அமுக்கி அடைக்காதீங்க. ரத்தப் பஞ்சு போடற மஞ்ச கவர மட்டும் 48 மணி நேரத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாது.

ஏற்காடு மேல ஒரு கிராமத்துக்கு சுகர் கேம்ப் போனப்பதான் இதோட அரும தெரிஞ்சுது. மரத்தடில ரெண்டு பெஞ்ச், கரண்டுக்கு எங்க போறது, மேச ஓரமா கட்டர வச்சு எடுக்க எடுக்க டக்கு டக்குனு வெட்டிட்டே இருந்தோம். கேம்ப் குப்பைக்கும் அதே ரூல்ஸ்தாங்க, அங்கயே குழி தோண்டி பொதச்சுட்டு வரக் கூடாது. அந்த 20 ஹேர்பின் பெண்ட்லயும் டப்பாவ மடிலயே வச்சுட்டு வந்தேன், மூடி இம்மி அசையல. எனக்குதான் வயித்தப் பொரட்டுச்சு.

கொறையும் இருக்கு. நாள் முழுக்க அமுக்குனா மணிக்கட்டு வலிக்கும், பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒன்னே ஒன்னு பத்தாது. ஹைப்போ (கிருமி கொல்ற பிளீச்சிங் தண்ணி) போட்டு தொடச்சுட்டு அப்படியே விட்டேன், பிளேடு துருப் புடிச்சுடுச்சு, இப்ப ஹைப்போக்கு அப்புறம் தண்ணில தொடச்சு காய வச்சு ஸ்பிரிட் போடறோம். தனி பிளேடு கெடைக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, நான் வாங்குன கடைல "அது வராதுங்க, புதுசா எடுத்துக்கோங்க"ன்னு சிரிச்சுகிட்டே சொல்லிட்டாங்க.

ரூல்ஸ்ல பர்னரும் ஒத்துக்கறாங்க, கட்டரும் ஒத்துக்கறாங்க, அதனால இன்ஸ்பெக்ஷன பத்தி பயப்பட வேணாம். கட்டருக்கு என் மார்க் 5க்கு 4. பர்னர் இப்ப மேசைக்கு அடில கெடக்கு, ஆயாம்மா அது மேல தொடப்பத்த சாத்தி வச்சிருக்காங்க.