பசுமை இல்ல விளைவு கிட்: சூடு ஏறுவது நிஜம், காரணம்தான் வேறு

பள்ளிக் கண்காட்சி சீசன் வந்துவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பாரிமுனை லேப் சாமான் கடைகளிலும் ஒரு அட்டைப்பெட்டி கண்ணில் படும்: ‘பசுமை இல்ல விளைவு செய்முறை கிட்’. மேலட்டைப் படம் கடைக்குக் கடை மாறும், உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். 1.5 லிட்டர் பெட் பாட்டில் இரண்டு, ஆல்கஹால் தெர்மாமீட்டர் இரண்டு, ஹோல்டரோடு பல்பு இரண்டு, சமையல் சோடா பாக்கெட், 50 மில்லி வினிகர், ரப்பர் டியூப், ஸ்பிரிங் வைத்த மூலக்கூறு மாதிரிகள், ஒரு கேஸ் சென்சார் போர்டு, கையேடு. ஒரு பாட்டிலில் கார்பன் டை ஆக்சைடும் மற்றதில் சாதாரணக் காற்றும் வைத்து, பல்பு வெளிச்சத்தில் எது அதிகம் சூடேறுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. பூமி வெளியே அனுப்பும் வெப்பக் கதிரைக் காற்றிலுள்ள சில வாயுக்கள் பிடித்துக்கொள்வதால் பூமி சூடாக இருப்பதைத்தான் பசுமை இல்ல விளைவு என்கிறோம், அதை இது காட்டுவதாகச் சொல்கிறார்கள். இவற்றில் கொடுத்த காசுக்குப் பெறுமானம் உள்ளவை டியூபும் மூலக்கூறு மாதிரிகளும். மற்றவற்றில் பாதியை மாற்ற வேண்டும், மீதியை ஒதுக்கி வைக்க வேண்டும்.

முதலில் பல்பு. இப்போது வரும் பெட்டிகளில் எல்இடி பல்பைப் போட்டுவிடுகிறார்கள். எல்இடியில் அகச்சிவப்புக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. ஒரு மணி நேரம் எரியவிட்டாலும் தெர்மாமீட்டர் பெரிதாக அசையாது. பழைய குண்டு பல்பு 60 அல்லது 100 வாட், கிடைக்காவிட்டால் ஹாலஜன். இரண்டும் ஒரே வாட், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். பாட்டிலுக்கும் பல்புக்கும் உள்ள தூரத்தை ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். 30 சென்டிமீட்டரில் வைத்த பல்பு ஒரே ஒரு சென்டிமீட்டர் முன்னால் நகர்ந்தால் விழும் கதிர் சுமார் 7 சதவீதம் கூடிவிடும். பல கண்காட்சி மேஜைகளில் ‘கார்பன் டை ஆக்சைடால் ஏறிய சூடு’ என்று காட்டப்படுவது இந்த ஒரு சென்டிமீட்டர்தான். பாதி நேரம் ஆனதும் பாட்டில்களை இடம் மாற்றி வைத்துப் பாருங்கள். சூடு பாட்டிலோடு போகிறதா, பல்போடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு வரி கையேட்டில் இல்லை. மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லியும் இல்லை.

தெர்மாமீட்டரின் குமிழ் மீது நேரடியாக வெளிச்சம் பட்டால் அது காற்றின் வெப்பநிலையைக் காட்டாது, தன் மேல் விழுந்த கதிரைத்தான் காட்டும். குமிழுக்கு முன்னால் ஒரு சின்ன அலுமினியத் தாள் மறைப்பு போதும். ஒரு டிகிரி கோடு போட்ட தெர்மாமீட்டரில் அரை டிகிரி வித்தியாசத்தைத் தேடுவது வீண் வேலை. டிஎஸ்18பி20 என்ற மின்னணு வெப்பநிலை சென்சார் இரண்டு வாங்கி, ஒரே டம்ளர் தண்ணீரில் போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் துல்லியமே அரை டிகிரி முன்பின்தான். போலிகளும் நிறைய உலவுகின்றன.

அடுத்து வாயு. இங்கேதான் கிட் கணக்கிலேயே தோற்கிறது. சென்னை அறை வெப்பத்தில் 1 கிராம் சமையல் சோடா முழுதாக வினைபுரிந்தால் சுமார் 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு. 1.5 லிட்டர் பாட்டிலுக்கு ஏட்டளவில் 5 கிராம். உள்ளிருக்கும் காற்றையும் வெளியே தள்ள வேண்டும், கொஞ்சம் தண்ணீரிலும் கரையும் என்பதால் 10 கிராம் எடுப்பது பத்திரம். 10 கிராம் சோடாவுக்கு 4 சதவீத வினிகர் சுமார் 180 மில்லி வேண்டும். இவர்கள் தருவதோ 50 மில்லி. மளிகைக் கடையில் ஒரு முழு பாட்டில் வாங்கிவிடுங்கள்.

சோடாவையும் வினிகரையும் சோதனைப் பாட்டிலுக்குள்ளேயே கலக்கச் சொல்கிறது கையேடு. அது வேண்டாம். இந்த வினை சூட்டை உறிஞ்சும், கரைசல் சில்லிடும். ஒரு பாட்டில் குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் தொடங்க, மற்றது காய்ந்து கிடக்கும். தனிப் பாட்டிலில் கலந்து, டியூபின் நுனி சோதனைப் பாட்டிலின் அடிவரை இறங்கும்படி விட்டால், கனமான வாயு கீழிருந்து நிரம்பிக் காற்றை மேலே தள்ளும். வாய் விளிம்பில் காட்டிய தீக்குச்சி அணைந்தால் நிரம்பிவிட்டது.

இவ்வளவும் சரியாகச் செய்தால் கார்பன் டை ஆக்சைடு பாட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். ஆனால் அது பசுமை இல்ல விளைவு இல்லை. பூமி வெளியே அனுப்பும் வெப்பக் கதிரில் கார்பன் டை ஆக்சைடு பிடித்துக்கொள்வது முக்கியமாக 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய பகுதியை. குண்டு பல்பின் கதிர் பெரும்பாலும் 1 மைக்ரான் பக்கம். அதோடு நீள அலைகளைப் பாட்டிலின் பிளாஸ்டிக்கே பெருமளவு தடுத்துவிடும். பிறகு ஏன் சூடேறுகிறது? வாயு கனமாக இருப்பதால் உள்ளே காற்றோட்டம் மந்தமாகி, சூடு வெளியேறத் தாமதமாகிறது. 2010-ல் அமெரிக்க இயற்பியல் ஆய்விதழ் ஒன்றில் இதைச் சோதித்து எழுதினார்கள்: அகச்சிவப்பை உறிஞ்சவே உறிஞ்சாத ஆர்கானை நிரப்பியபோதும் ஏறக்குறைய அதே சூடு. ஆர்கானின் எடை எண் 40, கார்பன் டை ஆக்சைடுக்கு 44, கனம் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்தத் தடுமாற்றம் பழையது. 1856-ல் அமெரிக்க விஞ்ஞானி யூனிஸ் ஃபூட் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கார்பன் டை ஆக்சைடு இருந்த குழாய் அதிகம் சூடானதைப் பதிவு செய்தார். காற்றில் அந்த வாயு கூடினால் பூமி சூடாகும் என்ற அவருடைய ஊகம் சரி; கண்ணாடிதான் நீள அலைகளை உள்ளே விடவில்லை. 1859-ல் ஐரிஷ் இயற்பியலாளர் ஜான் டிண்டால் குழாயின் இரு முனையையும் பாறை உப்புப் படிகத்தால் மூடினார், ஏனென்றால் அது வெப்பக் கதிரை விடும். கதிருக்கு விளக்கை நம்பாமல் கொதிநீர் நிரப்பிய உலோகப் பாத்திரத்தை வைத்தார். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கதிரைக் கண்டுகொள்ளாமல் விட, நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் உறிஞ்சுவதை அங்கே அளந்தார்.

பாட்டிலால் காட்டவே முடியாத இன்னொன்றும் உண்டு. சூரியனிடமிருந்து பூமியின் சதுர மீட்டருக்குச் சராசரியாக 340 வாட் வருகிறது. 30 சதவீதம் பிரதிபலித்துப் போக, 240 வாட் தங்குகிறது. அதே 240-ஐத் திருப்பி அனுப்ப மைனஸ் 18 டிகிரி போதும். தரையின் சராசரியோ 15 டிகிரி. இந்த 33 டிகிரி இடைவெளிக்குக் காரணம், விண்வெளிக்குத் தப்பும் கதிர் தரையிலிருந்து நேராகப் போகாமல் சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்துக் குளிர்ந்த காற்றிலிருந்து போவது. கார்பன் டை ஆக்சைடு கூடினால் அந்த உயரம் இன்னும் மேலே ஏறும். மேலே போகப் போகக் குளிர், ஆகவே வெளியேறும் கதிர் குறையும். கணக்கு நேராகும்வரை கீழே சூடேறும். அடிமுதல் நுனிவரை ஒரே வெப்பநிலையில் இருக்கும் ஒன்றரை லிட்டர் பாட்டிலில் இதற்கு இடம் ஏது?

மூலக்கூறு மாதிரிகளைத் தாராளமாகப் பாராட்டலாம். நைட்ரஜன் மாதிரியை இழுத்துவிட்டால் இரண்டு பந்தும் ஒரே மாதிரி விலகிச் சேரும். மின்சுமை எந்தப் பக்கமும் சாயாது, கதிருக்குப் பிடி கிடைக்காது. கார்பன் டை ஆக்சைடின் நடுப் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓரப் பந்துகளை ஒரே பக்கம் வளையுங்கள்: அந்த வளைவு அசைவுதான் 15 மைக்ரான். பிள்ளைகள் கையில் கொடுத்தால் அரை நிமிடத்தில் புரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் மாதிரியில் மட்டும் ஒரு கோளாறு: துளைகளை நேர்கோட்டில் போட்டிருக்கிறார்கள். 104.5 டிகிரி கோணத்தில் புதிதாகத் துளையிட வேண்டும்.

சென்சார் போர்டு வெறும் பந்தா. மேலே ‘கார்பன் டை ஆக்சைடு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் உள்ளே இருப்பது எம்க்யூ-135. அது அம்மோனியா, ஆல்கஹால், புகை போன்றவற்றுக்குத் துள்ளும் சென்சார், ஈரப்பதத்துக்கும் ஆடும். வினிகர் ஆவி பட்டதும் எண் எகிறுவதைப் பார்த்து எல்லோரும் கைதட்டுவார்கள். இதற்குப் பதில் எம்எச்-இசட்19 மாட்யூல் வாங்குங்கள். ஒரு முனையில் அகச்சிவப்பு விளக்கு, மறு முனையில் 4.26 மைக்ரானை மட்டும் பார்க்கும் கண். நடுவில் எவ்வளவு கதிர் காணாமல் போனது என்பதிலிருந்து பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கு. மொத்தப் பெட்டியும் நிரூபிக்கத் திணறுவதை இந்தத் தீப்பெட்டி அளவுச் சாமான் செய்துவிடும். மொட்டை மாடியில் 20 நிமிடம் ஓடவிட்டு, மாட்யூலின் ‘எச்டி’ என்ற இணைப்புப் பின்னை 7 விநாடிக்கு மேல் கிரவுண்டில் தொட்டால் 400 பிபிஎம்முக்குச் சரியாகிக்கொள்ளும். தானியங்கிச் சரிசெய்தலை அணைத்துவிடுங்கள். எந்நேரமும் மூடிக் கிடக்கும் ஏசி அறையில், அன்றைய மிகக் குறைந்த அளவையே 400 என்று எடுத்துக்கொண்டு நாளுக்கு நாள் தப்பாகக் காட்டும். வாயால் ஊதவும் வேண்டாம். மூச்சுக்காற்றில் சுமார் 40,000 பிபிஎம், மாட்யூலின் எல்லை 5,000.

சென்னையில் இருப்பவர்களுக்கு மாடியில் செய்ய இன்னொன்று உண்டு. இரவில் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை நேர் மேலே வானத்தை நோக்கிப் பிடியுங்கள். தொழிற்சாலை வகை வேண்டும். கொரோனா காலத்தில் நெற்றிக்கு வாங்கியது மனித உடம்பு வெப்பத்துக்குக் கீழே ‘லோ’ என்றுதான் காட்டும். தெளிந்த வானம் தரையைவிட வெகுவாகக் குளிர்ந்து தெரியும், மேகம் நகர்ந்து வந்ததும் எண் சட்டென்று ஏறும். இந்தக் கருவிகள் 8 முதல் 14 மைக்ரான்வரை பார்ப்பவை, ஆகவே காட்டுவது நீராவியையும் மேகத்தையும்தான். அதைக் கார்பன் டை ஆக்சைடு என்று சார்ட்டில் எழுதிவிடாதீர்கள். 30 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் உள்ள சென்னை இரவில் காற்றில் சுமார் 3 சதவீதம் நீராவி. கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம்தான். அப்படியானால் நீராவிதானே முதல் குற்றவாளி என்று நடுவர் கேட்பார். நீராவி மிஞ்சினால் மழையாக இறங்கிவிடும். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழையில் இறங்காமல் தங்கிச் சூட்டை ஏற்றுவது கார்பன் டை ஆக்சைடு, அதன்பின் ஏறுவது நீராவி.

கையேட்டைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். ஓசோன் ஓட்டை வழியாக வெயில் வந்து பூமி சூடாகிறது என்று எழுதியிருக்கிறது. அது வேறு சங்கதி. கார்பன் டை ஆக்சைடு அளவும் பழையது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 280 பிபிஎம், 1958-ல் ஹவாயின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315, 2024-ன் சராசரி 424-ஐத் தாண்டியது.

கையில் பணம் குறைவென்றால் கிட்டை விட்டுவிட்டு மாட்யூலையும் ஸ்பிரிங், பந்துகளையும் தனித்தனியாக ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே கிட் வாங்கியவர்கள் இரண்டு பாட்டிலையும் தூக்கிப் போட வேண்டாம்: ஒன்றில் ஆர்கான் நிரப்புங்கள். ஆர்கான் பயன்படுத்தும் டிக் வெல்டிங் பட்டறையில் கேட்டால் பெரிய பலூனில் பிடித்துத் தருவார்கள். சார்ட்டின் தலைப்பை ‘இந்தச் சோதனை ஏன் தவறு’ என்று மாற்றி வையுங்கள்.